வெற்றிடம் விடக்கூடாது

முதல்நாள் இரவே பெட்டியைக் குளிர்விக்க வேண்டும்.
சூடான பெட்டிக்குள் ஐஸ் போடுவது
வெயிலுக்கு வாடகை கட்டுவது மாதிரி.
இதை நான் பதினொரு வருடமாகச் சொல்கிறேன்.
கிருபாகரன் பதினொரு வருடமாகத் தலையாட்டுகிறார்.

நீலப் பெட்டி, வெள்ளை மூடி.
புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கியது.
ஒரு பக்கக் கைபிடி அன்றைக்கே கழன்றது.
நைலோன் கயிறு கட்டினோம்,
கயிறு இன்னும் இருக்கிறது.

அடியில் உறைந்த தண்ணீர்ப் போத்தல்கள்.
கட்டி ஐஸ் உருகினால் குளம்,
போத்தல் உருகினால் குடிதண்ணீர்.
அதன்மேல் மசாலா பூசிய கோழி, இரண்டு பை போட்டு.
யோகட் நிமிர்ந்து நிற்க வேண்டும்.
கட்டைச்சம்பல் டப்பாவை இறுக்கி மூட வேண்டும்
(ஒருமுறை கவிழ்ந்தது;
அந்த நிலாவெளிப் பயணம் முழுக்க
வத்தகப்பழத்திலும் வெங்காயம்).
இடுக்குகளில் பழைய பேப்பரைக் கசக்கித் திணி.
காலி இடம் இருந்தால் ஐஸ் அதற்குத்தான் முதலில் உழைக்கும்.
வெற்றிடம் விடக்கூடாது.

திறந்தால் உடனே மூடு.
கிருபாகரன் திறந்துவிட்டு யோசிப்பவர்.
தம்புள்ளையில் திறப்பார், ஹபரணையில் திறப்பார்,
உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பார்,
அடுக்கும்போது பக்கத்தில் நின்றவர்தான்.

பிறகு அந்த வருடம் வந்தது.
பயணம் என்றால்
வெள்ளவத்தை வீட்டிலிருந்து பெற்றோல் ஷெட் வரைக்கும்.
எண்ணூறு மீற்றர்.
இரண்டு பகல், ஓர் இரவு.

கரண்ட் போகுமுன் உறைந்ததையெல்லாம் அள்ளி அடுக்கினேன்.
காலி வீதியில் கார் பத்தடி நகர்வதும்
எஞ்சினை அணைப்பதும்
கடல் காற்று வராமல் இருப்பதும்.

பின்னால் ஓர் ஓட்டோ. நிஸ்தார்.
மத்தியானம் வரை ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு ஈரத்துணியில் சுற்றிய சின்னக் குப்பியோடு வந்தான்.
"உம்மாட இன்சுலின் அக்கா.
நேத்து பாமசியில எடுத்தது,
வீட்ட கொண்டுபோக எண்ணெய் இல்ல."

ஐஸில் படக்கூடாது, உறைந்தால் மருந்து செத்துவிடும்.
சம்பலை அவனுக்கும் எங்களுக்கும் பாணில் பூசி முடித்து
டப்பாவைக் கழுவி, துடைத்து,
உள்ளே துவாய்,
துவாய்க்குள் குப்பி.
மேலே, ஒரு மூலையில்.
மூடியில் பிளாஸ்டர் ஒட்டி ‘நி’ என்று எழுதினேன்.

இருட்டும்போது இரண்டு கார் முன்னாலிருந்து
மினோலி, பிள்ளையின் அன்டிபயோட்டிக் பாணியோடு. ‘மி’.
பேர் சொல்லாத ஒருவருக்குக் கண்மருந்து. ‘வெள்ளை வான்’.
இன்னொருவர் முழு அறக்குளாவோடு வந்தார்.
அவரை மட்டும் அனுப்பிவிட்டேன்.

அந்த இரவு
கிருபாகரன் பெட்டியில் சாய்ந்தே இருந்தார்,
கை மூடியின் மேல்.
தண்ணீர் கேட்டேன்.
"பிறகு" என்றார்.
பதினொரு வருடத்தில் முதல் தடவை.

எங்களுக்கு நான்கு வண்டி முன்னால் பெற்றோல் முடிந்தது.
நிஸ்தார் டப்பாவும் ஒரு குளிர்ந்த போத்தலுமாக
தெமட்டகொடைக்கு நடந்தான்.
ஓட்டோவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

மறுநாள் டப்பா திரும்பி வந்தது, உள்ளே வட்டிலப்பம்.
"உம்மா ஊசி போடேக்க வெங்காயம் மணக்குதெண்டா" என்றான்.

அப்பச்சோடா, தேசிக்காய்த் தோல், பழைய பிரஷ்.
அடியிலுள்ள தக்கையைக் கழற்றி நீரை வடிய விடு.
ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்,
வழவழத்தால் இன்னொருமுறை கழுவு.
நிழலில் காயவை.
மூடியை இறுக்காதே, அகப்பையை இடையில் வை,
மூச்சு விடாத பெட்டி நாறும்.
மூடியின் பிளாஸ்டர்கள் மட்டும் உரியவில்லை.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
பெரிதாகச் சுரண்டவில்லை.

இந்தச் சித்திரை விடுமுறைக்கு மறுபடி நிலாவெளி.
போத்தல், கோழி, யோகட், பேப்பர்.
கிருபாகரன் மாம்பழத்தோடு வந்து
மேல் மூலையைக் காட்டி
"இது காலியா?" என்றார்.

"இல்லை" என்றேன்.
மாம்பழம் மடியில் வந்தது, ஹபரணை வரைக்கும்.